பேசி முடித்த அட்டையை வேறொருவருக்கு விற்கலாமா? இணையவழி சேகரிப்புச் சந்தையின் தகராறுகளும் சட்டம் சொல்வதும்

புதுடெல்லி: கிரிக்கெட் வீரர்களின் படம் பொறித்த அட்டைகள், போகிமான் விளையாட்டு அட்டைகள், மல்யுத்த வீரர்களின் அட்டைகள் ஆகியவற்றை இணையம் வழியாக வாங்குவதும் விற்பதும் இந்திய நகரங்களில் வழக்கமாகிவிட்டது. இவற்றில் பல விற்பனைகளுக்குக் கடையும் இல்லை, ரசீதும் இல்லை. வாட்ஸ்அப் குழுவிலோ இன்ஸ்டாகிராம் பக்கத்திலோ இரண்டு வரிச் செய்தியில் பேரம் முடிகிறது. அதே வேகத்தில் முறிந்தும் போகிறது.

விலை பேசி முடித்த பிறகு கூடுதல் விலை தர இன்னொருவர் முன்வந்தால் விற்பவர் மனம் மாறலாமா? 'எனக்கு வேண்டும்' என்று முதலில் பதிவிட்டவர் பணம் கட்டாமல் பின்வாங்கினால் அவருக்குப் பொறுப்பு உண்டா? இக்கேள்விகளுக்கு விடை தருபவை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் ஆகும். கடிதமும் தந்தியும் இருந்த காலத்தில் இயற்றப்பட்ட இச்சட்டங்களே இன்றைய குறுஞ்செய்தி பேரங்களுக்கும் பொருந்துகின்றன.

சிறிய அட்டை, பெரிய தொகை

சேகரிப்பு அட்டைகளின் மதிப்பு உலக அளவில் எந்த உயரத்தை எட்டியுள்ளது என்பதற்கு அமெரிக்க விற்பனைகள் சான்று. பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் 1952ஆம் ஆண்டு டாப்ஸ் நிறுவன அட்டை ஒன்று, 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. 'பிகாச்சு இல்லஸ்ட்ரேட்டர்' என்ற போகிமான் அட்டையை அமெரிக்க யூடியூபர் லோகன் பால் 52.75 லட்சம் டாலர் மதிப்பில் வாங்கினார்.

இந்தியச் சந்தையில் கைமாறும் தொகைகள் பொதுவாக இதைவிட மிகச் சிறியவை. ஆயினும் தகராறுக்கான காரணம் ஒன்றே: விலையின் நிலையாமை. ஒரு வீரர் சதம் அடித்த மறுநாளே அவருடைய அட்டைக்குத் தேவை கூடும். பிஎஸ்ஏ போன்ற தரச்சான்று நிறுவனங்கள் ஒன்று முதல் பத்து வரை வழங்கும் மதிப்பெண்ணில் ஒரு புள்ளி வேறுபட்டாலும் விலை பன்மடங்கு மாறக்கூடும். பேசிய விலைக்கும் மறுநாள் கிடைக்கும் விலைக்கும் இடையிலான இந்த வேறுபாடே, கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்கும் ஆசையைத் தூண்டுகிறது.

சந்தையின் அமைப்பும் ஒரு காரணம். இபே நிறுவனத்தின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. பணத்தை இடையில் நிறுத்திவைத்து, தகராறுகளை விசாரிக்கும் நடைமுறை கொண்ட ஏலத் தளம் இல்லாத நிலையில், தனிநபர்களுக்கு இடையிலான விற்பனைகள் சமூக ஊடகக் குழுக்களுக்கு நகர்ந்தன. அங்கே குழு நிர்வாகி வகுப்பதே விதி.

'விற்பனைக்கு' என்ற அறிவிப்பு ஒப்பந்தம் ஆகுமா?

அட்டையின் படத்தையும் விலையையும் வெளியிடுவது, பொதுவாகச் சட்டத்தின் பார்வையில் முன்மொழிவு அன்று. முன்மொழியுமாறு மற்றவர்களுக்கு விடுக்கும் அழைப்பு மட்டுமே. வாங்க விரும்புபவர் 'எடுத்துக்கொள்கிறேன்' என்று சொல்வதே முன்மொழிவு. அதை விற்பவர் ஏற்றுக்கொண்டால்தான் ஒப்பந்தம் பிறக்கிறது.

இதற்கு இந்திய முன்னுதாரணம் உண்டு. குடகின் மடிக்கேரியில் இருந்த ஒரு பங்களா தொடர்பான மெக்பர்சன் எதிர் அப்பண்ணா வழக்கில், 'பத்தாயிரம் ரூபாய்க்குக் குறைவாக ஏற்க மாட்டேன்' என்று உரிமையாளர் தந்தி அனுப்பியிருந்தார். அத்தொகையைத் தரச் சம்மதித்தவர், விற்பனை முடிவாகிவிட்டது என்று வாதிட்டார். உச்ச நீதிமன்றம் 1951இல் அவ்வாதத்தை ஏற்கவில்லை. குறைந்தபட்ச விலையைச் சொல்வது, அந்த விலைக்கு விற்க முன்மொழிந்ததாக ஆகாது என்பது தீர்ப்பின் சாரம்.

ஆகவே 'குறைந்தபட்சம் எவ்வளவு?' என்ற கேள்விக்கு 'பன்னிரண்டாயிரம்' என்று விற்பவர் பதில் அளித்தார் என்பதற்காக மட்டும் அட்டை விற்றுப்போனதாகக் கொள்ள முடியாது. அதற்குப் பின் 'சரி, உங்களுக்கே' என்ற ஏற்பு தேவை.

ஆனால் குழுவின் விதி வேறாக இருந்தால் நிலைமை மாறும். 'முதலில் க்ளெய்ம் என்று பதிவிடுபவருக்கே அட்டை' என்று விற்பவர் தெளிவாக அறிவித்திருந்தால், அந்த அறிவிப்பே முன்மொழிவாகவும், முதல் பதிவு அதன் ஏற்பாகவும் கருதப்பட வலுவான வாய்ப்பு உள்ளது. விற்பவர் எந்தச் சொற்களைப் பயன்படுத்தினார் என்பதே இங்கு முடிவைத் தீர்மானிக்கும்.

ஏற்பு முழுமையானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவு. 12,000 ரூபாய் கேட்டவரிடம் '11,000க்குத் தருவீர்களா?' என்று விலை குறைத்துக் கேட்பது ஏற்பு அன்று, எதிர் முன்மொழிவு. அதை விற்பவர் மறுத்த பிறகு, 'சரி, 12,000க்கே எடுத்துக்கொள்கிறேன்' என்று திரும்பி வருபவருக்குப் பழைய விலையைக் கோரும் உரிமை தானாகக் கிடைத்துவிடாது.

வாட்ஸ்அப் செய்தி செல்லுமா?

செல்லும். மின்னணு வழியில் உருவானது என்ற காரணத்துக்காக மட்டும் ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது என ஒதுக்க முடியாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10-ஏ பிரிவு கூறுகிறது. டிரைமெக்ஸ் எதிர் வேதாந்தா வழக்கில், மின்னஞ்சல் பரிமாற்றங்கள் மூலமாகவே ஒப்பந்தம் முழுமை பெற முடியும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முத்திரைத்தாளும் கையெழுத்தும் இல்லை என்பது அட்டை விற்பனையில் தப்பிக்கும் வழி ஆகாது.

எனினும், நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவைச் சான்றாக முன்வைக்க, பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு கோரும் சான்றிதழ் தேவைப்படும். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பி மூல உரையாடலை அழித்துவிடுபவர்கள் பின்னர் சிரமப்பட நேரிடும்.

'ஞாயிறு வரை வைத்திருக்கிறேன்'

அதிகப் பிணக்குக்கு இடமளிக்கும் வாக்குறுதி இதுவாகும். சம்பளம் வரும் வரை, அல்லது வார இறுதி வரை, அட்டையை வேறு யாருக்கும் தராமல் வைத்திருப்பதாக விற்பவர் சொல்கிறார். இடையில் வேறொருவர் கூடுதல் விலை சொன்னதும் விற்றுவிடுகிறார்.

வாங்குபவர் இன்னும் உறுதியாக ஏற்கவில்லை என்றால், சட்டம் பெரும்பாலும் விற்பவர் பக்கமே நிற்கும். ஏற்பு அனுப்பப்படும் வரை முன்மொழிவை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவு. காத்திருப்பதாகச் சொன்ன சொல்லுக்கு மறுபயன் எதுவும் பெறப்படாவிட்டால் அது தனி ஒப்பந்தமாக நிற்காது. இங்கிலாந்தில் 1876இல் தீர்ப்பான டிக்கின்சன் எதிர் டாட்ஸ் வழக்கின் நிலையும் இதுவே: வெள்ளிக்கிழமை வரை திறந்திருக்கும் என்று சொல்லப்பட்ட முன்மொழிவு, அதற்கு முன்பே சொத்து வேறொருவருக்கு விற்கப்பட்டதால் பயனற்றுப் போனது.

அதே வேளையில், திரும்பப் பெறுவதை எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 6ஆம் பிரிவு கூறுகிறது. தகவல் தராமல் இரண்டாமவருக்கு விற்றுவிட்ட நிலையில், முதலாமவர் 'எடுத்துக்கொள்கிறேன்' என்று செய்தி அனுப்பினால், ஒரே அட்டைக்கு இரண்டு ஒப்பந்தங்கள் உருவாகும் அபாயம் விற்பவருக்கு உண்டு.

காத்திருப்பதற்காக ஒரு சிறு தொகையை வாங்கிக்கொண்டால் நிலை முற்றிலும் வேறு. அப்போது மறுபயன் கிடைத்துவிட்டதால், குறித்த நாள் வரை காத்திருப்பது விற்பவரின் கடமையாகிறது.

இரண்டாம் நபரிடம் அட்டை போய்விட்டால்?

புனேயில் உள்ள ஒருவர், தரச்சான்று எண் கொண்ட ஒரு குறிப்பிட்ட அட்டையை 12,000 ரூபாய்க்குக் கொல்கத்தாவில் உள்ளவருக்கு விற்பதாக உறுதி செய்கிறார் என்று கொள்வோம். மறுநாள் ஜெய்ப்பூரிலிருந்து ஒருவர் 20,000 ரூபாய் தர முன்வருகிறார். அட்டை ஜெய்ப்பூருக்கு அனுப்பப்படுகிறது.

இன்னது என்று அடையாளம் காணப்பட்டு, ஒப்படைக்கத் தயாராக உள்ள பொருளின் உரிமை, வேறு நோக்கம் வெளிப்படாத வரை, ஒப்பந்தம் உருவான கணத்திலேயே வாங்குபவருக்கு மாறிவிடுகிறது. பணமும் பொருளும் பின்னர் கைமாறினாலும் இதில் மாற்றமில்லை. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு தரும் விதி இது. அதன்படி அட்டை கொல்கத்தாக்காரருடையது.

ஆனால் அதே சட்டத்தின் 30ஆம் பிரிவு ஒரு விதிவிலக்கை வைத்துள்ளது. விற்ற பொருளைத் தன் கைவசம் வைத்திருப்பவர் அதை மீண்டும் ஒருவருக்கு விற்று ஒப்படைத்தால், அந்த இரண்டாமவர் நல்லெண்ணத்துடனும் முந்தைய விற்பனையை அறியாமலும் வாங்கியிருந்தால், அவருக்கு முறையான உரிமை கிடைக்கும். அப்போது கொல்கத்தாக்காரர் ஜெய்ப்பூர்க்காரரிடம் அட்டையைக் கேட்க முடியாது. புனேக்காரரிடம் இழப்பீடு மட்டுமே கோரலாம்.

'அறியாமல்' என்ற சொல்லே இங்கு திருப்புமுனை. அதே குழுவில் 'விற்றாகிவிட்டது' என்ற பதிவைப் பார்த்த பிறகும், தனிச்செய்தியில் கூடுதல் விலை சொல்லி வாங்கியவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

அட்டை இன்னும் விற்பவரிடமே இருந்தால், பணத்துக்குப் பதிலாக அட்டையையே ஒப்படைக்குமாறு உத்தரவிட 58ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. தனித்த எண்ணும் மதிப்பெண்ணும் கொண்ட, சந்தையில் எளிதில் கிடைக்காத அட்டைக்கு இக்கோரிக்கை பொருந்தும். எந்தக் கடையிலும் கிடைக்கும் பிரிக்கப்படாத உறைகளுக்கு இழப்பீடே போதுமானதாகக் கருதப்படும்.

இழப்பீட்டுக் கணக்கு

ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவின்படி, முறிவினால் இயல்பாக ஏற்படும் இழப்பே கணக்கில் கொள்ளப்படும். 12,000 ரூபாய்க்குப் பேசிய அட்டை, ஒப்படைக்க வேண்டிய நாளில் சந்தையில் 20,000 ரூபாய் என்றால், வாங்குபவரின் இழப்பு 8,000 ரூபாய். மன உளைச்சலுக்கோ, 'ஐந்தாண்டு கழித்து ஒரு லட்சம் ஆகியிருக்கும்' என்ற எதிர்பார்ப்புக்கோ இதில் இடமில்லை. இழப்பைக் குறைக்க, பாதிக்கப்பட்டவர் நியாயமான முயற்சி எடுத்தாரா என்பதும் பார்க்கப்படும்.

வாங்குபவர் பின்வாங்கினால்

பின்வாங்குபவர்கள் விற்பவர்கள் மட்டும் அல்லர். பல குழுக்களில் முதலில் பதிவிட்டுவிட்டு, பின்னர் மௌனமாகும் வாங்குபவர்களே பெரிய தொல்லை. 12,000 ரூபாய்க்கு உறுதி செய்தவர் விலகியதால், அதே அட்டையை 9,000 ரூபாய்க்கு விற்க நேர்ந்தால், 3,000 ரூபாய் வேறுபாட்டைக் கோர விற்பவருக்கு உரிமை உண்டு.

ஆயினும் அவர் உடனே அடுத்தவருக்கு விற்றுவிட முடியாது. பணம் செலுத்தும் நேரம் பற்றித் தனியாக உறுதி செய்யாதவரை, அந்த நேரம் ஒப்பந்தத்தின் உயிர்நாடியாகக் கருதப்படுவதில்லை என்கிறது சரக்கு விற்பனைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு. 54ஆம் பிரிவின்படி, மறுவிற்பனை செய்யப்போவதாக முன்கூட்டியே தெரிவித்து, நியாயமான அவகாசமும் தர வேண்டும். அவ்வாறு தெரிவிக்காமல் விற்றால், இழப்பீடு கோரும் உரிமை போய்விடும். அது மட்டுமன்றி, மறுவிற்பனையில் லாபம் கிடைத்தால் அதுவும் முதல் வாங்குபவரையே சேரும்.

'24 மணி நேரத்துக்குள் பணம் வராவிட்டால் அடுத்தவருக்கு' என்ற ஒற்றை வரி அறிவிப்பு இத்தனை சிக்கலையும் தவிர்க்கும்.

முன்பணம் கட்டியவர் விலகினால் முழுத்தொகையையும் விற்பவர் வைத்துக்கொள்ளலாமா என்பது அடுத்த கேள்வி. முறிவுக்கென முன்பே ஒரு தொகை குறிக்கப்பட்டிருந்தாலும், அதற்கு மிகாத நியாயமான இழப்பீட்டையே பெற முடியும் என்பது 74ஆம் பிரிவு. விலையில் சிறு பகுதியான அச்சாரத்தை வைத்துக்கொள்வது பொதுவாக ஏற்கப்படும். பாதி விலையைப் பெற்றுக்கொண்டு அனைத்தையும் பறிமுதல் செய்வதாகச் சொல்வது நிற்பது கடினம்.

ஏலத்தில் விதி வேறு

இணையக் குழுக்களில் இரவு பத்து மணிக்கு முடியும் ஏலங்கள் பிரபலம். சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவின்படி, சுத்தியல் தட்டுவது போன்ற வழக்கமான முறையில் முடிவு அறிவிக்கப்படும்போதே ஏல விற்பனை நிறைவடைகிறது. அதுவரை எந்தக் கேட்பாளரும் தம் கேட்பைத் திரும்பப் பெறலாம். இணைய ஏலத்தில் முடிவு நேரமோ, நிர்வாகியின் 'விற்றாகிவிட்டது' என்ற அறிவிப்போ சுத்தியலின் இடத்தை வகிக்கிறது. எது என்பதை முன்பே சொல்லிவிடுவது நல்லது.

விலையை ஏற்றுவதற்காகத் தம் நண்பரையோ மாற்றுக் கணக்கையோ கொண்டு பொய்யாகக் கேட்க வைப்பதும் இப்பிரிவின் கீழ் வருகிறது. அவ்வாறு நடந்தது நிரூபணமானால், விற்பனையை ரத்து செய்யும் உரிமை வென்றவருக்கு உண்டு. ஏலத்தில் வென்றவர் பின்வாங்குவதற்குச் சட்டம் ஏற்கும் வலுவான காரணங்களுள் இது ஒன்று.

வெளிநாட்டு இபே தளத்தில் வாங்கும் இந்தியர்கள் அத்தளத்தின் விதிகளையும் அறிந்திருக்க வேண்டும். தொகையைத் தவறாக உள்ளிடுதல், பொருள் விவரம் கணிசமாக மாறுதல், விற்பவரைத் தொடர்புகொள்ள முடியாமை ஆகிய காரணங்களுக்கே அங்கு கேட்பைத் திரும்பப் பெற அனுமதி உண்டு. வென்றவர் நான்கு நாள்களுக்குள் பணம் செலுத்தாவிட்டால் விற்பவர் விற்பனையை ரத்து செய்யலாம்; அந்த விவரம் வாங்குபவரின் கணக்கில் பதிவாகும்.

18 வயது நிறைவடையாதவர் வாங்கினால்

இந்தச் சந்தையில் பள்ளி மாணவர்களும் உள்ளனர். 18 வயது நிறைவடையாதவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது என்று மொஹோரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ் வழக்கில் 1903இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. இன்றும் அதுவே சட்டம். ஏலத்தில் வென்றுவிட்டு விலகும் சிறுவரிடம் இழப்பீடு கேட்க முடியாது. மதிப்பு மிகுந்த அட்டைகளை விற்பவர்கள் எதிர்த்தரப்பின் வயதை உறுதி செய்துகொள்வதும், சிறுவர்கள் பெற்றோர் வழியாக வாங்குவதும் இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

எங்கே முறையிடலாம்?

விற்பவர் யார் என்பதைப் பொறுத்து வழி மாறும். கடை நடத்துபவர், அல்லது தொழிலாகத் தொடர்ந்து விற்பவர் என்றால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை நாடலாம். பணம் பெற்றபின் காரணமின்றி விற்பனையை ரத்து செய்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் அளிக்கலாம். தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம்; அதற்கான காலவரம்பு இரண்டு ஆண்டுகள். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருள்களுக்குக் கட்டணம் இல்லை.

தம் சேகரிப்பிலிருந்து எப்போதாவது ஓர் அட்டையை விற்கும் தனிநபருக்கு 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் பொருந்துவதில்லை. அவர் மீது உரிமையியல் நீதிமன்றத்தையே அணுக வேண்டும். மூன்று ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. சில ஆயிரம் ரூபாய்த் தகராறுக்கு வழக்குச் செலவே அதிகமாகிவிடும் என்பதால், இவ்வகைப் பிணக்குகள் நீதிமன்றத்தை எட்டுவது அரிது.

பின்வாங்குதல் எல்லாம் மோசடி ஆகாது என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும். தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் மோசடிக் குற்றம் பொருந்தும். பின்னர் வாக்குத் தவறியது மட்டும் போதாது என்று ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் 2000இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. தம்மிடம் இல்லாத அட்டையின் படத்தைக் காட்டி, பணம் பெற்று மறைந்தவர் மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவின் கீழ் வழக்குத் தொடரலாம். அத்தகைய நிலையில் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனடியாக அழைக்க வேண்டும். யுபிஐ வழியே அனுப்பிய பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றப்படும் முன் முடக்கப்பட வாய்ப்பு இருப்பதால், முதல் சில மணி நேரம் முக்கியமானது.

பெயரை வெளியிடுவதில் எச்சரிக்கை

பின்வாங்கியவரின் பெயரைக் குழுக்களில் பரப்புவது இச்சந்தையின் பொதுவான தண்டனை. நம்பிக்கையை மட்டுமே மூலதனமாகக் கொண்ட சந்தையில் அதற்கு வலிமை உண்டு. ஆனால் வாக்குத் தவறியவரை 'திருடர்' என்றோ 'மோசடிப் பேர்வழி' என்றோ அழைப்பது அவதூறு வழக்குக்கு இடம் தரக்கூடும். அவரது வீட்டு முகவரி, ஆதார் அட்டைப் படம் ஆகியவற்றை வெளியிடுவது மேலும் ஆபத்தானது. நடந்ததைத் தேதியுடனும் உரையாடல் ஆதாரத்துடனும் குழு நிர்வாகியிடம் தெரிவிப்பதே பாதுகாப்பான வழி.

தகராறைத் தவிர்க்க

விற்பவர்கள் அட்டையின் தரச்சான்று எண், விலை, அஞ்சல் செலவு, பணம் செலுத்தும் கெடு ஆகிய நான்கையும் ஒரே செய்தியில் குறிப்பிட வேண்டும். பேரம் முடிந்ததும் 'விற்றாகிவிட்டது' என்று பொதுவில் பதிவிட வேண்டும்; அப்பதிவு முதல் வாங்குபவருக்குக் காப்பு, விற்பவருக்கு வேலி.

வாங்குபவர்கள் 'பார்க்கிறேன்', 'ஆர்வம் உண்டு' போன்ற சொற்களைத் தவிர்த்து, 'இந்த விலைக்கு வாங்குகிறேன்' என்று தெளிவாக எழுதி, விற்பவரின் ஒப்புதலைப் பதிலாகப் பெற வேண்டும். காத்திருக்கச் சொன்னால், சிறு தொகையை அச்சாரமாகச் செலுத்தி, அது திரும்பக் கிடைக்குமா என்பதையும் எழுத்தில் பெறுவது நல்லது. பெரிய தொகை என்றால் இரு தரப்பும் நம்பும் இடையாளர் வழியாகப் பணத்தையும் அட்டையையும் மாற்றிக்கொள்ளலாம்.

கூடுதல் விலை வந்துவிட்டதாக விற்பவர் சொன்னால், முதலில் சரிபார்க்க வேண்டியது ஒன்றே: அதற்கு முன் 'உங்களுக்கே' என்ற ஒப்புதல் எழுத்தில் வந்ததா, இல்லையா? வந்திருந்தால் அது ஒப்பந்தம். இல்லையெனில் அது பேச்சுவார்த்தை மட்டுமே.